சனிக்கிழமைப் புளிப்பு

கள்ளுப் போத்தலோட என்ட மனிசன் பிடிபட்டது தவறணை வாசல்ல இல்ல. பிறின்சிப்பல் ஐயாட காருக்குள்ள. ஐம்பத்தொன்பதாம் வருசம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். அண்டைக்கு எனக்கு வந்த வெக்கம் இண்டைக்கும் முழுசாப் போகல்ல. போகவேணாம் எண்டுதான் நானும் கேக்கிறன். அந்த வெக்கத்துக்குள்ள வச்சுத்தான் கர்த்தர் என்ட ஜெபத்தைக் கேட்டார். இதை ஜெபக் கூட்டத்தில சொல்லுங்க எண்டு எத்தினையோ தரம் கேட்டிட்டீங்க. ஒவ்வொரு தரமும் சளி, இருமல் எண்டு சாட்டுச் சொல்லித் தப்பினன். இண்டைக்குச் சொல்லுறன். சிரிப்பு வந்தாச் சிரியுங்க. ஆனாக் கடைசி வரைக்கும் இருந்து கேளுங்க.

நாங்க ரெண்டு பேரும் வாவிக்கரையில இருந்த ஒரு மிஷன் கல்லூரியில வேலை. அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்க முந்தின காலம். நான் விடுதிக் குசினியில சமையல். என்ட மனிசன் சாமித்தம்பி தோட்டக்காரன். வளவுக்குள்ளேயே ஒரு ஓட்டு வீடும் தந்திருந்தாங்க. அந்தக் கல்லூரியில ஒரு வழக்கம் இருந்தது. வருசம் பிறந்து முதல் திங்கக்கிழமை, பிறின்சிப்பல் தொடக்கம் முத்தம் கூட்டுற ஆள் வரைக்கும், எல்லாரும் சிற்றாலயத்தில வரிசையா வந்து, வேதத்தில கை வச்சு, சத்தமா வாக்குக் குடுக்கணும். மதுபானத்தைத் தொடமாட்டன், வாங்கமாட்டன், வீட்டில வைக்கமாட்டன். சூதாடமாட்டன். இப்பிடி இன்னும் கொஞ்சம் இருக்கு. மீறினா அண்டைக்கே வெளிய. இது பேச்சுக்குச் சொன்னதில்ல. முந்தின வருசம் கணக்கு மாஸ்டர் ஒராள் கலியாண வீட்டில ஒரு கிளாஸ் சாராயம் குடிச்சிட்டார். நல்ல மனுசன். பொழுதுபட முந்தி அவர்ட பெட்டியும் பாயும் வண்டியில ஏறிட்டு. நான் குசினி வாசல்ல நிண்டு, "வேணும், நல்லா வேணும்" எண்டு சொன்னன். அந்த வாய்தான் இந்த வாய்.

என்ட மனிசனும் குடிகாரனா இருந்தவர்தான். தோணி வலிக்கிற வேலை அப்ப. உழைச்சதெல்லாம் கள்ளுத் தவறணைக்கு. நான் வாசல்ல நிண்டு வாயை மணந்து பாத்துத்தான் உள்ள விடுவன். ஒரு நாள் வெறியில தோணியில இருந்து வாவிக்குள்ள விழுந்து, செத்துப் பிழைச்சு, கரையில கிடந்து சத்தியம் பண்ணினார். அதுக்குப் பிறகு தொடல்ல. அதுக்கு முந்தி நான் முழங்காலில நிண்டு அழுத அழுகை கர்த்தருக்குத்தான் தெரியும். அவர் திருந்திட்டார், நான் பொறுப்பு எண்டு பிறின்சிப்பல் ஐயாட்ட மண்டாடித்தான் அந்தத் தோட்ட வேலையையும் எடுத்துக் குடுத்தன். நாங்க ரெண்டு பேரும் அங்க சேர்ந்து மூண்டு வருசம், ஒரு சொட்டு இல்ல. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

இப்ப அப்பத்துக்கு வாறன். எங்கட பகுதியில அப்பமாவைக் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைக்கிறது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா மதுவிலக்குக் கல்லூரிக் குசினியில கள்ளு எண்ட சொல்லு வாயில வரலாமா? அதால நாங்க அதுக்குப் "புளிப்பு" எண்டு பேர் வச்சிருந்தம். பாலத்துக்கு அங்கால இருந்து சின்னப்பிள்ளை எண்டு ஒருத்தி சனிக்கிழமை பின்னேரம் பின்வேலியால வருவா. கடகத்துக்குள்ள கீரை. கீரைக்குக் கீழ போத்தல். "நேசக்கா, புளிப்பு" எண்டு மெல்லக் கூப்பிடுவா. நான் வாங்கி மாவில விட்டுப் பிசைஞ்சு மூடி வைப்பன். ஞாயித்துக்கிழமை விடிய பிள்ளைகளும் மாஸ்டர்மாரும் பிறின்சிப்பல் ஐயாவும் அந்த அப்பத்தைத் தின்னுபோட்டுத்தான் மதுவிலக்குப் பிரசங்கம் கேக்கப் போவாங்க.

சத்தியமாச் சொல்லுறன், எனக்கு அது பிழையெண்டு படவேயில்ல. குடிக்கிறதுதான் கள்ளு, மாவுக்குள்ள போறது புளிப்பு. கொஞ்சப் புளிப்பு மா முழுக்கப் பரவும் எண்டு வேதத்தில வாற இடத்தைப் போதகர் வாசிக்கேக்க கூட நான் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கன். "நேசத்திட கைப்பக்குவம்" எண்டு எல்லாரும் புகழுவாங்க. எனக்கு உச்சி குளிரும்.

இன்னுமொரு விசயம், இதை மறந்திடாதீங்க. சனிக்கிழமை பின்னேரம் எண்டா என்ட மனிசன் வீச்சு வலையைத் தோளில போட்டுக்கொண்டு வாவிக்குப் போயிடுவார். இருட்டினாப் பிறகுதான் வருவார். மீன் ஒண்டு கொண்டு வந்ததில்ல. வலை மட்டும் நனைஞ்சு கிடக்கும். "வாவி முழுக்க மீன், உங்கட வலைக்குள்ள மட்டும் தண்ணியா? உங்களை நம்பின பூனையும் பட்டினிதான் கிடக்கும்" எண்டு நான் ஏசுவன். அவர் சிரிச்சுக்கொண்டு வலையைக் காயப்போடுவார்.

அந்தச் சனிக்கிழமை சின்னப்பிள்ளை வரல்ல. மற்ற நாளா இருந்தா விட்டிருப்பன். ஆனா அடுத்த நாள் விடிய கொழும்பில இருந்து சபைப் பெரியவர் ஒராள் சாப்பாட்டு மண்டபத்துக்கு வாறதா இருந்தது. "நேசம், உம்மட அப்பம்தான் வேணும்" எண்டு ஐயாட மனிசி, பிறின்சிப்பல் அம்மா, ரெண்டு தரம் வந்து சொல்லிட்டுப் போயிட்டா. நான் வேலிக்கும் குசினிக்கும் நடந்து நடந்து பாத்தன். பொழுது சாயுது. மா காத்துக்கொண்டு கிடக்குது. அந்த நேரம் பாத்து அவர் வலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இஞ்சேருங்க, பாலத்தடித் தவறணைக்குப் போய்ப் புளிப்பு ஒரு போத்தல் வாங்கிட்டு வாங்க."

அவர் அப்பிடியே நிண்டார். "நானா?" எண்டு கேட்டார்.

"பின்ன, பொம்புள நானா தவறணைக்குப் போறது? விடிய அப்பம் கல்லு மாதிரி வந்தா யாருக்கு வெக்கம்?" எண்டு நான் சத்தம் போட்டன்.

அவர் வலையைச் சுவரில சாத்தி வச்சிட்டுப் போனார். எந்த மனிசனுக்காக முழங்கால் தேய அழுதனோ, அந்த மனிசனை நானே தவறணைக்கு அனுப்பினன். எதுக்கு? அப்பம் மெதுவா வாறதுக்கு. எனக்கு அப்ப அது உறைக்கவேயில்ல.

போத்தலைத் துவாயில சுத்திக் கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு அவர் வந்திருக்கார். பின்னால பிறின்சிப்பல் ஐயாட கார். தன்ட தோட்டக்காரன் வேர்க்க வேர்க்க நடக்கிறதைக் கண்டு இரக்கப்பட்டு, "ஏறு சாமித்தம்பி" எண்டு கதவைத் திறந்திருக்கார். ஐயா கூப்பிட்டா எப்பிடி மாட்டன் எண்டுறது? ஏறிட்டார். ரோட்டெல்லாம் குண்டும் கிடங்கும். புதுக் கள்ளு சும்மா கிடக்குமா? குலுங்கக் குலுங்கப் பொங்கி, கல்லூரி கேட்டடியில வரேக்க "டப்" எண்டு அடைப்பான் பறந்திட்டு. சீட்டெல்லாம் நுரை. ஐயாட வெள்ளைக் கோட்டெல்லாம் நுரை.

ஐயா நேர குசினி முத்தத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனுசன் அவர். கத்திப் பேசமாட்டார். கோவம் வந்தா இன்னும் மெதுவாத்தான் பேசுவார்.

"சாமித்தம்பி, இது ஆருக்கு?"

நான் குசினிக் கதவடியில நிக்கிறன். ரெண்டு கையிலயும் மா. என்ட மனிசன் என்னை ஒருக்காப் பாத்தார். ஒரே ஒருக்கா.

"எனக்குத்தான் ஐயா" எண்டார்.

நான் ஊருக்கே வாய்க்காரி. மீன்காரனோட கத்துவன், பால்காரனோட கத்துவன், போதகரோடயும் தர்க்கம் பண்ணுவன். அண்டைக்கு வாய் திறக்கல்ல. திறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போகும், வீடு போகும் எண்டு எனக்கு நானே சொன்னன். அதுவும் பொய். என்ட பேர் போயிடும் எண்டு பயந்தன். அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டுவாங்க. இஞ்ச வாய் மூடின நான் பிழைச்சன், வாய் திறந்த அவர்தான் வெளிய போனார்.

"வாக்கு எல்லாருக்கும் ஒண்டுதான். நேசம் இருக்கட்டும். நீ இப்பவே போகவேணும்" எண்டு ஐயா சொல்லிட்டு, மிச்சக் கள்ளைக் கழிவுத்தண்ணிக் கானுக்குள்ள ஊத்தினார்.

என்ட மனிசன் ஒரு சாரமும் சேட்டும் உமல் பைக்குள்ள வச்சார். கரடியனாத்தில அவர்ட அண்ணன் வீடு. கடைசி பஸ் இருந்தது. நான் பின்னால போய் நிண்டன். ஏசுவார் எண்டு பாத்தன். ஏசியிருந்தா எனக்கு நல்லாயிருந்திருக்கும். "மாவைப் பாருகா, விடிய ஆக்கள் வருவாங்க" எண்டு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

இதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கூசுது. அவர் போய்க் கொஞ்ச நேரத்தில பின்வேலியில சத்தம். "நேசக்கா, புளிப்பு. புள்ளைக்குக் காய்ச்சல், அதான் சுணங்கிட்டு." நான் போனன். வாங்கினன். மாவில விட்டன். அந்தப் போத்தலாலதான் என்ட மனிசன் தெருவில நிக்கிறார், நான் அதையே வாங்கி மாவில விட்டன். பழகின கை தன்ட பாட்டில செஞ்சிட்டு.

மூடி வச்சாப் பிறகுதான் அந்த மணம் என்ட மூக்கில ஏறிச்சு. மூண்டு வருசமா ஏறாத மணம். கரடியனாத்தில சூடு மிதிக்கிற காலம் அது. வெட்டின நெல்லைப் பரப்பி மாடு விட்டு மிதிக்கிற களத்தில கள்ளும் சாராயமும் இல்லாம வேலை நடக்காது. ஆக்கள் அவர்ட கையிலயும் ஒரு சிரட்டையைக் குடுப்பாங்க. குடிகாரன் எண்டு பேர் எடுத்தாச்சு, வேலையும் போச்சு. இனி குடிக்காம இருந்து ஆருக்குக் காட்ட? அப்பிடித்தானே நினைப்பார். நான் அடுப்படியில முழங்கால் போட்டன். "கர்த்தாவே, வேலை வேணாம், வீடு வேணாம், அவர் குடிக்காம இருந்தாப் போதும்" எண்டு அழுதன். ஜெபம் தொண்டையை விட்டு மேல போகல்ல. சொன்னதையே சொல்லிக்கொண்டு கிடந்தன். மூடி வச்ச மாப் பானை பக்கத்திலதான் இருந்தது.

விடிய அப்பம் சுட்டன். என்ட வாழ்க்கையில அண்டைக்கு வந்த மாதிரி அப்பம் வந்ததில்ல. கரை மொறுமொறு எண்டு, நடு பஞ்சு மாதிரி. எனக்கு அழுகையா வந்தது.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். மேல் மேசையில கொழும்புப் பெரியவர், பிறின்சிப்பல் ஐயா, அம்மா, மாஸ்டர்மார். பெரியவர் நாலாம் அப்பத்தில கை வைக்கேக்க, "இதைச் சுட்டவவைக் கூப்பிடுங்கோ" எண்டிட்டார். நான் சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுக்கொண்டு போய் நிண்டன்.

"இவதான் நேசம். எங்கட வேலையாக்களுக்கு முன்மாதிரி" எண்டார் பிறின்சிப்பல் ஐயா. மறுகா குரலைத் தாழ்த்தி, "நேற்று இவவின்ர மனிசனைக் கள்ளுக்காக வேலையில இருந்து நிப்பாட்ட வேண்டி வந்திட்டுது. பாவம், இவ என்ன செய்வா" எண்டும் சொன்னார். மேசையில எல்லாரும் என்னை இரக்கமாப் பாத்தாங்க. அந்த இரக்கத்தை என்னால தாங்க ஏலாமப் போச்சு. செருப்பால அடிச்சிருந்தாலும் நிண்டிருப்பன்.

"இவ்வளவு மெதுவா வர என்னம்மா போடுறீங்கள்?" எண்டு பெரியவர் கேட்டார்.

"புளிப்பு ஐயா."

"என்ன புளிப்பு?"

மூண்டு வருசத்தில ஒருத்தரும் கேக்காத கேள்வி. இளநீர் எண்டு சொல்லியிருக்கலாம், பழைய மா எண்டு சொல்லியிருக்கலாம். ரெண்டும் நாக்கு நுனியில வந்து நிண்டது. பொய் சொன்னா நான் அந்த மண்டபத்தில முன்மாதிரி. அவர் கரடியனாத்தில குடிகாரன். கர்த்தாவே எண்டன், அதுக்கு மேல ஜெபம் வரல்ல.

"கள்ளு ஐயா. நான் இஞ்ச வந்த நாளில இருந்து கள்ளுத்தான். நேத்துப் போத்தலும் எனக்குத்தான். நான்தான் அவரைப் போகச் சொன்னன். அவர் எனக்காகப் பழியை ஏத்துக்கொண்டார். நான் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

பெரியவர்ட வாய்க்குள்ள பாதி அப்பம். முழுங்கிறதா துப்புறதா எண்டு தெரியாம இருந்தார். கடைசியில முழுங்கினார். பிள்ளைகள் பக்கத்தில ஒண்டு களுக்கெண்டு சிரிச்சிட்டு. நிலம் வெடிச்சு என்னை விழுங்காதா எண்டு நிண்டன்.

அப்ப பிறின்சிப்பல் அம்மா எழும்பினா. முகமெல்லாம் சிவந்து போய். "எனக்கும் தெரியும்" எண்டா. "யாழ்ப்பாணத்தில என்ர அம்மாவும் இப்பிடித்தான் சுடுறவ. முதல் வாயிலயே எனக்குத் தெரியும். ருசிக்காகப் பேசாம இருந்திட்டன்."

ஐயா கோப்பையைத் தள்ளி வச்சார். மறுகா, "ஆராதனை முடிய ஆயத்தமா இரும் நேசம். கரடியனாத்துக்குப் போகவேணும்" எண்டு எழும்பிப் போனார்.

அதே கார். அதே சீட். கள்ளு காய்ஞ்சு மணக்குது. வழியில ஐயா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "மூண்டு வருசமா ஞாயிற்றுக்கிழமையில நான் ரெண்டு அப்பம் கூடத் தின்னிறனான்." வேற நாளெண்டாச் சிரிச்சிருப்பன். நான் கர்த்தர்ட்ட ஒண்டையேதான் கேட்டுக்கொண்டு போனன். குடிச்சிருக்கக் கூடாது. குடிச்சிருந்தா அது என்ட தலையிலதான்.

வட்டைக்குள்ள, வயல் நடுவில களம். மாடுகள் சுத்திச் சுத்தி மிதிக்குது. மரத்துக்குக் கீழ கள்ளு முட்டி, சிரட்டைகள், நாலஞ்சு பேர். மாட்டுக்குப் பின்னால என்ட மனிசன். ஐயாதான் முதல் இறங்கி, சப்பாத்தோட வயலுக்குள்ள நடந்து போனார். நான் பின்னால போனன்.

கிட்டப் போனதும் என்ட கண் அவர்ட வாயைத்தான் பாத்தது. பழைய காலத்தில வாசல்ல நிண்டு பாத்த மாதிரி. அவருக்கு விளங்கிட்டு. குனிஞ்சு, என்ட முகத்துக்கு நேர "ஹா" எண்டு ஊதினார். வெத்திலையும் வெறும் வயிறும்தான் மணத்தது.

அத்தினை பேருக்கு முன்னால, ஒரு பிழையும் செய்யாத மனிசன், பிழை செஞ்ச எனக்கு வாயை ஊதிக் காட்டினார். வெக்கம் எண்டா என்னெண்டு எனக்கு அங்கதான் தெரிஞ்சது.

"சாமித்தம்பி, நான் உன்னைப் பிழையா அனுப்பிப்போட்டன்" எண்டார் ஐயா. கள்ளு முட்டிப் பக்கம் பாத்து, "இவ்வளவு கிட்ட வச்சுக்கொண்டு எப்பிடி இருந்தனி?" எண்டும் கேட்டார்.

"பழக்கம்தான் ஐயா. சனிக்கிழமை குசினியில அந்த மணம் எழும்பினா நான் வாவிக்குப் போயிடுவன். கழுத்தளவு தண்ணியில நிண்டு ஜெபிப்பன். மணம் அடங்கினாப் பிறகுதான் வீட்டுக்கு வாறது. இஞ்ச வாவி இல்ல. அதால மாட்டுக்குப் பின்னால நடந்துகொண்டே இருந்தன்."

"வலை?" எண்டு நான் கேட்டன்.

"வலையை நனைச்சுக்கொண்டு வாறதுகா. வீசுறதில்ல."

நான் அந்த வைக்கோல்ல குந்திட்டன். மீன் இல்லையெண்டு எத்தினை சனிக்கிழமை ஏசியிருப்பன். பூனையைச் சொல்லி நக்கலடிச்சதும் நான்தான். "ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல?" எண்டு அழுதன். "நீ எவ்வளவு ஆசையா அப்பம் சுடுவாய், அதை எப்பிடிக் கெடுக்கிறது" எண்டார்.

அண்டைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தம். திங்கக்கிழமை விடிய, வருசப் பிறப்பு இல்லாட்டியும், எல்லாரும் மறுபடி வாக்குக் குடுத்தம். முதல் ஆளாப் பிறின்சிப்பல் ஐயா போய் வேதத்தில கை வச்சார். எனக்கு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குசினிக்குள்ள போகத் தடை. விடுதித் துணி துவைச்சன். நியாயமான தண்டனைதான். கணக்கு மாஸ்டரையும் திரும்ப வரச் சொல்லி ஐயா ஆள் அனுப்பினார். அவர் வேற ஊரில வேலை எடுத்திட்டாராம், வரல்ல. நான் "வேணும்" எண்டு சொன்ன சொல்லுக்கு அவர்ட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு இன்னும் கிடைக்கல்ல.

நான் சனிக்கிழமை அடுப்படியில அழுதுதான் கர்த்தர் அவரைக் காப்பாத்தினார் எண்டு முதல்ல நினைச்சன். அப்பிடி இல்ல. நான் கேக்க முந்தியே, மூண்டு வருசமா, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரைக் கையில பிடிச்சு வாவிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கார். தவறணையில இருந்தில்ல, என்ட குசினியில இருந்து காப்பாத்தியிருக்கார். இதை நினைச்சா எனக்கு நன்றி சொல்லவும் வெக்கமா இருக்கு. வெக்கத்தோடயே சொல்லுறன், ஸ்தோத்திரம்.

உங்கட வீட்டிலயும் பேரை மாத்தி வச்சிருக்கிற போத்தல் ஒண்டு இருக்கும். கள்ளாத்தான் இருக்கணும் எண்டில்ல. அதை அதிட சொந்தப் பேர் சொல்லி ஒரு தரம் கர்த்தருக்கு முன்னால வச்சுப் பாருங்க. முகம் எரியும். எரியட்டும். கைவிடமாட்டார்.

இப்ப நான் இளநீர்லதான் மா புளிக்க வைக்கிறன். உண்மையைச் சொல்லணும், பழைய மாதிரி வராது. நடு கொஞ்சம் தட்டையாத்தான் இருக்கும். கூட்டம் முடிய எல்லாருக்கும் வெளிய வச்சிருக்கு, தின்னாமப் போகாதீங்க. சம்பலுக்குத் தேங்காய் துருவினது அவர்தான். சனிக்கிழமைப் பின்னேரத்தில இப்ப அவர் வீட்டிலதான் இருக்கார்.